எங்கள் பாஸ்போர்ட்டை நாங்களே திருடிய கதை

நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மதியம், நடமாட முடிந்த நோயாளிகள் எல்லாம் வார்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவர்கள் நாட்டுப் பழைய சிரிப்புப் படம் ஒன்றை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை வெட்டி இல்லாத பையன்கள் திருடக் கிளம்புகிற கதை. பையன்களைப் பார்த்தாலே தெரிகிறது, எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிற ரகம். மாத்திரைத் தட்டோடு போனவள் அப்படியே நின்று பார்த்துவிட்டேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூட வேலை பார்க்கும் பெண்ணிடம், நானும் இந்த மாதிரி ஒரு திருட்டு செய்தவள்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீயா என்று அவள் இன்னொரு தடவை சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். இவளுக்கு என்ன தெரியும் என்று மாத்திரைகளைக் கொடுத்து முடித்துவிட்டு, படுக்கை விரிப்புகள் வைக்கும் லினன் அறைக்குப் போய்த் தனியாக நின்றேன். படத்தில் பையன்கள் மாட்டிக்கொண்டால் சிரிப்பு வருகிறது. எங்கள் விஷயத்தில் மாட்டிக்கொண்டது நாங்கள் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் கதையாகச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. காவிரியில் தண்ணீர் வராத வருஷங்கள். எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரைத் திறந்தால் தஞ்சாவூர்க்காரர்கள் குளித்து முடித்து, எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் நாற்றுக் கருகிவிடும். அப்பா பிறந்ததிலிருந்து அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர். வயலே தரிசாகக் கிடந்தால் அவருக்கு என்ன வேலை? ஊரில் இருந்த இளவட்டங்கள் எல்லாம் சிங்கப்பூர், துபாய், மஸ்கட் என்று ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். புது டிவி விளம்பரங்களில் நாடே திறந்துவிட்டது போலக் காட்டினார்கள். எங்கள் தெருவில் திறந்திருந்தது ஒரே ஒரு எஸ்.டி.டி. பூத் மட்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். நர்ஸிங் டிப்ளமோ முடித்து, பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அங்கேதான் என் தோழி எனக்குக் கிடைத்தாள். அதிராம்பட்டினத்துப் பெண். அவள் வாப்பா அங்கே ரிப்பன், வளையல், நூல்கண்டு விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். அவர்கள் குடும்பத்தில் பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்புவது வழக்கமில்லை. அவள் இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்து படிக்கப் போனவள். என் பிடிவாதம் கத்தும். அவள் பிடிவாதம் பேசாது. ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டுத் தங்கியிருந்தோம். என் தட்டில் இருக்கிற மீன் முள்ளை அவள் எடுத்துத் தருவாள், அவளுக்கு நான் டியூட்டி மாற்றிக் கொடுப்பேன்.

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று ஒரு ஏஜெண்ட் விளம்பரம் போட்டான். சென்னைக்குப் போய் இன்டர்வியூ கொடுத்து இரண்டு பேருமே தேர்வானோம். பாஸ்போர்ட்டையும் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் ஏஜெண்ட் வாங்கி வைத்துக்கொண்டான். அவன் ஆபீஸ் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம், இன்னொரு டவுனில். பள்ளிவாசல் தெருவில் ஒரு மாடி. கீழே கேசட் கடை. ஏஜெண்டுக்குப் பக்தி அதிகம். யார் பாஸ்போர்ட் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரூமின் மூலையில் இருந்த சாமி படங்களுக்கு முன்னால் வைப்பான். எம்பஸிக்குப் போகும்வரை அது அங்கேதான் இருக்கும், திரும்பி வந்தாலும் அங்கேதான் இருக்கும். அதனால் செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மறந்து போய் யாராவது வாசலைத் தாண்டிவிட்டால் கத்துவான்.

ஏழு மாதம் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். இந்த வாரம், அடுத்த வாரம், எம்பஸியில் லீவு. வாய்க்கு வந்ததைச் சொல்வான். ஒருநாள் அப்பாவை அனுப்பினேன். பெரியவர் போய்க் கேட்டால் இரங்குவான் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெஞ்சு காலியாக இருந்தும் அப்பாவை மத்தியானம் வரை நிற்க வைத்தான். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து, நல்லா பேசுனாருமா, கண்டிப்பா ஆயிடும்னாரு என்று பொய் சொன்னார். கூடப் போயிருந்த தம்பி சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும்.

மஸ்கட்டில் என் தோழியின் மாமா ஒருவர் இருந்தார். அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு பூத்துக்குப் போன் பண்ணினார். எங்கள் இருவருக்கும் விசா அடித்து இரண்டு மாதம் ஆகிறதாம். டிக்கெட்டுகூட சென்னையில் விமானக் கம்பெனி ஆபீஸில் இருக்கிறதாம். அடுத்த புதன்கிழமை விமானத்தில் ஏறாவிட்டால் விசா காலாவதி. அதற்குப் பிறகு வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட் எல்லாம் தயாராகத்தான் இருந்தது, எங்களிடம் பணம் கறக்கலாம் என்று அந்த மனுஷன் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போலீசுக்குப் போனோம். பாஸ்போர்ட் கொடுத்ததற்கு ரசீது எங்கே என்று கேட்டார்கள். ரசீதுக்கு நாங்கள் எங்கே போவது?

திருடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். இதை யார் மேலும் போட எனக்கு உரிமையில்லை.

அந்த ஆபீஸைக் கூட்டிப் பெருக்க ஒரு அக்கா வருவாள். ஏஜெண்ட் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனால் நான்கு மணிக்குத்தான் வருவான். அவன் போன பிறகு அக்கா பெருக்கித் துடைத்துப் பூட்டி, சாவியை மாடிப்படி கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவாள். ஏழு மாதம் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியாதா? வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் அந்தத் தெருவில் ஈ, காக்கை இருக்காது. ஆண்கள் பள்ளிவாசலில், பெண்கள் அடுப்படியில். மற்ற கடைக்காரர்களும் அந்த நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். இந்த விவரம் சொன்னது என் தோழி. சொல்லிவிட்டு, தொழுகை நேரத்துல திருடப் போறோம், அல்லா மன்னிக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நமது பொருளை நாம் எடுப்பது திருட்டா என்று பஸ்ஸில் போகும்போது மெதுவாகக் கேட்டாள். பேசாமல் வாடி என்றேன்.

படியேறினோம். மீட்டர் பெட்டியில் சாவி இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனோம். ரூமில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, துடைத்த தரை காயட்டும் என்று அக்கா அணைக்காமல் போயிருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் பாஸ்போர்ட்டுகள் அடுக்கடுக்காக, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே ஒரு செம்பருத்திப் பூ வைத்து இருந்தன. அடியிலிருந்து மேலே தேடி என்னுடையதை எடுத்தேன். அவளுடையது நாலு தள்ளி இருந்தது. சர்ட்டிபிகேட் ஃபைல் பீரோவின் மேல் இருந்தது, ஸ்டூல் போட்டு எடுத்தோம்.

மற்ற பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துப் போய் அவரவர் வீட்டில் கொடுத்துவிடலாம் என்றாள் அவள். எல்லாருமே நம்மளப் போலக் காத்துக்கிட்டு இருக்கறவங்கதானே என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நீ என்ன ஊருக்கு உபகாரம் பண்ணவா வந்தே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எங்கள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முன்பு இருந்தது போலவே அடுக்கி, பூவை மேலே வைத்தேன். திருடப் போன இடத்தில் நான் பூ வைத்தேன், கரண்ட் வீணாகுதே என்று அவள் ஃபேனை அணைத்தாள். நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு ஆட்டோ வந்து நின்றது. எங்களுக்கு உயிரே இல்லை. பின்பக்கம் ஒரு இரும்புப் படி உண்டு, அதில் இறங்கி, கொல்லைப்புறச் சந்து வழியாக மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டோம். தார் ரோட்டில் கால் வைத்ததும்தான் சுட்டது. குனிந்து பார்த்தேன். என் காலில் செருப்பு இல்லை. அவள் காலிலும் இல்லை.

முன்படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தோம். ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் யோசிக்கவில்லை. சாமி படம் இருக்கிற ரூம், ஏழு மாதப் பழக்கம், அதோடு ஐ.சி.யூ. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நுழைகிற நர்ஸ் புத்தி வேறு. நேராக, ஜோடியாக, சுவரை ஒட்டிக் கழற்றி வைத்துவிட்டுத் திருடப் போயிருக்கிறோம்.

திரும்பிப் போக வழியில்லை. தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வர ஆரம்பித்திருந்தார்கள். உச்சி வெயிலில், தார் இளகிக் கிடந்த ரோட்டில், இரண்டு பேரும் வெறுங்காலோடு ஒன்றும் நடக்காதது போல நடந்தோம். வேண்டுதலா பாப்பா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆமாம் ஐயா, மாரியம்மனுக்கு என்றேன். அவர் முக்காடு போட்டிருந்த என் தோழியைப் பார்த்தார். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். பஸ் ஏறின பிறகு எங்களுக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் நின்று பார்த்தார். அன்றைக்கு ராத்திரி தலைமாட்டில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு தூங்கினோம். கால் கொப்புளத்துக்கு அவள் எனக்கு மருந்து போட்டாள், நான் அவளுக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதற்குப் பிறகு வந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. டியூட்டி முடிந்ததும் அவள் அந்த டவுனுக்குப் போனாள். செருப்புக் கிடந்தால் எடுத்து வரலாம் என்று போனாள் என்றால் நம்புவீர்களா? இரண்டு ஜோடியும் ஆஸ்பத்திரி யூனிஃபார்முக்காகக் காசு சேர்த்து வாங்கிய வெள்ளைச் செருப்பு. வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். போனவள் முகம் செத்துத் திரும்பி வந்தாள்.

ஏஜெண்ட் போலீஸில் புகார் கொடுத்திருந்தான். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அமுக்கி வைத்திருந்தேன், அதைக் காணோம் என்று சொல்ல முடியுமா? எங்கள் பெயரைச் சொல்லாமல், மேஜையில் இருந்த பணம் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பூட்டை உடைக்கவில்லை, சாவி இருக்கும் இடம் தெரிந்த ஆள்தான் என்று பெருக்குகிற அக்காவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ராத்திரி பெண்களை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்பதால் பொழுது சாய்ந்ததும் அனுப்பிவிட்டு, காலையில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வேறு நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். செய்தி பரவியதும் அந்த நாலு வீட்டிலும் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாடிப்படியில் கிடந்த வெள்ளைச் செருப்புகளை ஸ்டேஷனில் அவள் காலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சேரவில்லை. யாருடையது என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் டீக்கடையிலேயே சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. ஏழு மாதமாக நாங்கள் வரும்போதெல்லாம் அந்தச் செருப்புகளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் படியைத் துடைத்தவள் அவள்தான். அந்தத் தெருவுக்கு வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு வருகிற பெண்கள் நாங்கள் இரண்டே பேர். தெரிந்துதான் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். எதற்காகச் சொன்னாள்? நாங்கள் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாங்கள் சண்டை போட்டோம். சண்டை என்றால் நான் கத்தினேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் சென்னைக்குப் போக வேண்டும். அப்பா ஊரெல்லாம் சொல்லியாயிற்று, யாரிடமோ சொல்லிப் பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கி வைத்திருந்தார், அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாளே போலீசுக்கு ஒரு லெட்டர் எழுதிவிடலாம் என்றேன். அக்காவுக்கு முதல் சம்பளத்தை அப்படியே அனுப்பிவிடலாம் என்றேன். ஆதாரம் இல்லாமல் எத்தனை நாள் உட்கார வைப்பார்கள், தானாக விட்டுவிடுவார்கள் என்றேன். எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

"லெட்டர் வந்து சேர்ற வரைக்கும் அக்கா அங்கயே உக்காந்திருக்கணுமா?"

எனக்குக் கோபம்தான் கூடியது. நீ போய்ச் சொன்னால் என் பெயரும்தானே வரும், என் குடும்பத்தைப் பற்றி நினைத்தாயா, உனக்கென்ன, உன் வாப்பாவுக்குக் கடை இருக்கிறது என்று சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறவில்லை.

"உன் பேரு வராது. நான் ஒருத்திதான்னு சொல்லிக்கறேன். நாளைக்குக் காலையில எட்டு மணி பஸ்ஸுல போறேன். நீ வர வேண்டாம்."

பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் நான் எழுந்தபோது அவள் இல்லை. எட்டு மணிக்கு நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவளைத் தடுக்கவா, கூடப் போகவா, வழியனுப்பவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எதிர்ப்பக்கம் மருந்துக் கடைக்குள் போய் நின்றேன். கண்ணாடி அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்றால் ரோட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தாள். பைக்குள் பாஸ்போர்ட் இருந்திருக்க வேண்டும். காலில் ஹவாய் செருப்பு, யாரிடமோ இரவல் வாங்கியது.

எட்டு மணி பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. பயந்துவிட்டாள், போக மாட்டாள் என்று நினைத்தேன். எட்டரை பஸ் வந்தது. அதிலும் ஏறவில்லை. ரோட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை வேறு பெயர் சொல்லி மறைக்க மாட்டேன். அவள் திரும்பி அறைக்கு வருவாள், இரண்டு பேரும் பெட்டி கட்டலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். கடைக்காரர் என்னம்மா வேணும் என்று இரண்டாவது தடவை கேட்டார். தலைவலி மாத்திரை வாங்கினேன்.

ஒன்பது மணி பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள்.

நான் செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போனேன், புதன்கிழமை விமானத்தில் ஏறினேன். பக்கத்து ஸீட் காலியாக இருந்தது. தோழிக்கு உடம்பு சரியில்லை என்று மஸ்கட் ஆஸ்பத்திரியில் சொன்னேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு அவள் இடத்துக்குக் கேரளத்துப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு முதல் சம்பளத்தில் பணம் அனுப்பினேன். வாங்க ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து அவள் லெட்டர் வந்தது. அக்காவை அன்றைக்கே விட்டுவிட்டார்களாம். இவள் சொன்ன விஷயத்தைக் கேட்டு இன்ஸ்பெக்டர் ஏஜெண்டைக் கூப்பிட்டு உலுக்க, அவன் மிரண்டு போய்ப் புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று அலைந்தானாம். ஆனால் இவள் கையில் கொண்டு போன பாஸ்போர்ட்டைக் கேஸ் பேப்பரில் எழுதிவிட்டார்கள், அது கோர்ட்டுக்குப் போய்விட்டது. எப்போது திரும்பி வரும் என்று வக்கீலுக்கே தெரியவில்லையாம். இரண்டாவது ஜோடிச் செருப்பு யாருடையது என்று கேட்டார்கள், முன்னாடியே கிடந்தது என்று சொல்லிவிட்டேன், அவர்களும் நம்பினது போலத் தலையாட்டினார்கள் என்று எழுதியிருந்தாள். கடைசியில், அங்கே வெயில் அதிகமாமே, நிறையத் தண்ணீர் குடி என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பாஸ்போர்ட் அவள் கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கடையை மூடிவிட்டார்கள். நான் இரண்டு தடவை அவளுக்கு விசா ஏற்பாடு செய்தேன். வாப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆளில்லை என்று இரண்டு தடவையும் மறுத்துவிட்டாள். பிறகு கல்யாணம், பிள்ளைகள். அதே ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ் ஆனாள். நான் மஸ்கட்டில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தேன். தம்பிகள் படித்தார்கள், வீடு கட்டினோம், அப்பா எங்கள் சொந்த வயலில் ஒரு போகம் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். லீவில் போகும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். சென்ட், சாக்லேட், தைலம், பிள்ளைகளுக்குச் சட்டை. அவள் மீன் ஆக்கிப் போடுவாள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி இரண்டு பேருமே பேசியதில்லை.

எனக்குள்ளே நான் ஒரு நியாயம் வைத்திருந்தேன். அவள்தானே வர வேண்டாம் என்று சொன்னாள்? இரண்டு பேரும் போய் இரண்டு பாஸ்போர்ட்டும் கோர்ட்டில் கிடந்தால் யாருக்கு என்ன லாபம்? ஒரு குடும்பமாவது கரை ஏறட்டும் என்று அவளே முடிவெடுத்து என்னை அனுப்பி வைத்தாள். அவள் மனசு அப்படி, தியாகம் அவள் சுபாவம். இப்படிச் சொல்லிச் சொல்லி அவளைப் பெரிய மனுஷியாக்கி உயரத்தில் உட்கார வைத்துவிட்டால், நான் கீழே நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?

இந்த வருஷம் லீவில் போனபோது பெருக்குகிற அக்கா இறந்துபோன செய்தியைத் தோழி சொன்னாள். அக்கா கடைசியாகப் படுத்தது இவர்கள் ஆஸ்பத்திரியில்தானாம், இவள்தான் பார்த்துக்கொண்டாளாம். அவள் டியூட்டி முடிந்து நர்ஸுகள் அறையில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு என்ன தோன்றியதோ, இருபது வருஷத்துக்கு மேல் வாயில் வராதது வந்துவிட்டது. அன்னிக்கு நீ என்னை வர வேண்டாம்னு சொல்லி அனுப்பி வெச்சியே, அதுக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாது என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இதில் கொஞ்சம் நடிப்பும் இருந்தது, இப்போது தெரிகிறது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை, கிண்டல் இல்லை. கேஸ் ஷீட் படிப்பது போலச் சொன்னாள்.

"வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா அன்னிக்கு ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு நின்னேன்டி. நீ வந்துருவேன்னு நெனச்சேன்."

ஒன்பது மணி பஸ்ஸையும் விட்டா அக்காவ மறுபடி உள்ள கூப்பிட்டுருவாங்களேன்னுதான் அப்புறம் ஏறிட்டேன் என்று சொல்லிவிட்டு, டீ ஆறிப் போச்சு, குடி என்றாள்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், மருந்துக் கடைக் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன்.